கால் வரை இழுக்கும் டிஸ்க் வலிக்கு கைரோபிராக்டரிடம் போகலாமா?

வடலி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் கணவருக்காக எழுதுகிறேன். வயது 41. ஸ்கார்பரோவில் ஒரு குளிர்களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலை. தை மாதம் இறைச்சிப் பெட்டி ஒன்றைத் தூக்கித் திரும்பும்போது நாரியில் (இடுப்பில்) பிடித்தது. முதலில் வழக்கமான நாரிப்பிடிப்பு என்றுதான் நினைத்தோம். சில நாட்களில் வலி இடது புட்டத்துக்கு இறங்கி, தொடையின் பின்பக்கமாகப் போய், இப்போது பாதத்தின் வெளி ஓரமும் சின்ன விரலும் விறைத்த மாதிரி இருக்கிறது. தும்மினால் கால் முழுக்க மின்சாரம் பாய்வது போல இழுக்கிறதாம். படுத்து நித்திரை இல்லை, சாய்கதிரையில்தான் இரவைக் கழிக்கிறார்.

எம்ஆர்ஐ எடுத்தாயிற்று. முதுகெலும்பின் அடிப்பகுதியில் எல்5-எஸ்1 என்ற இடத்தில் டிஸ்க் வெளியே பிதுங்கி, காலுக்குப் போகும் இடப்பக்க எஸ்1 நரம்பில் முட்டுகிறது என்று அறிக்கை சொல்கிறது. குடும்ப வைத்தியர் நப்ரோக்சன் என்ற வலிமருந்து தந்தார், பெரும்பாலும் தானாகவே இறங்கும் என்றார், சத்திரசிகிச்சை நிபுணருக்கும் எழுதிவிட்டிருக்கிறார். அந்தத் திகதி எப்போது வரும் என்று தெரியவில்லை.

இதற்கிடையில் அவருடன் வேலை செய்பவர் ஒருவர், பக்கத்துப் பிளாசாவில் இருக்கும் கைரோபிராக்டரிடம் (முதுகெலும்பைக் கையால் அழுத்தி, அசைத்து வைத்தியம் செய்பவர்) போனால் டிஸ்க்கை உள்ளே தள்ளிவிடுவார் என்கிறார். ஊரிலிருந்து மாமி ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் "ஒருத்தரையும் முதுகில் கை வைக்க விடாதே பிள்ளை" என்று அழுகிறா. இவருக்கோ வலி தாங்காமல் யார் என்ன சொன்னாலும் சரி என்ற நிலை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போகலாமா? போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

மதுரைக்காரன் எழுதியது:

அக்கா, தயவுசெய்து வேண்டாம். என் சித்தப்பாவுக்கு இதே பிரச்சினை. ஊரில் கட்டு வைத்தியர் ஒருவர் குப்புறப் படுக்க வைத்து முட்டியால் அழுத்தினார். மறுநாள் காலையில் பாதத்தைத் தூக்க முடியவில்லை, செருப்பு தானாகக் கழன்று விழுந்தது. அவசரமாக ஆபரேஷன் செய்தும் பாதம் முழுசாகத் திரும்பவில்லை. நரம்பு விஷயம், விளையாடக் கூடாது.

கோவை பிசியோ எழுதியது:

மதுரைக்காரர் சொன்னது பெரிய கஷ்டம். அதைக் கேட்டுப் பயப்படுவது நியாயம்தான். ஆனால் பரிசோதனையே இல்லாமல் முட்டியால் அழுத்துவதும், படித்த ஒருவர் நரம்பைச் சோதித்துவிட்டு அளவாகக் கை வைப்பதும் ஒன்றல்ல. நான் பிசியோதெரபிஸ்ட், கைரோபிராக்டர் இல்லை. அதனால் எனக்கு அவர்கள் பக்கம் பேச வேண்டிய தேவை இல்லை. தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் "டிஸ்க்கை உள்ளே தள்ளுவது". அதை யாராலும் செய்ய முடியாது. டிஸ்க் என்பது இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே இறுக ஒட்டியிருக்கும் திசு. வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே கூழ் மாதிரியான மையம். வளையத்தில் கிழிசல் விழும்போது உள்ளிருப்பது பின்பக்கமாகப் பிதுங்கி, பக்கத்தில் போகும் நரம்பு வேரைத் தொடுகிறது. வலிக்கு அழுத்தம் மட்டும் காரணமில்லை. பிதுங்கிய பொருள் நரம்பைச் சுற்றி அழற்சியையும் கிளப்பிவிடுகிறது. நரம்பு சிவந்து வீங்கிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்ததைக் கையால் முதுகை அழுத்தி மறுபடி உள்ளே அனுப்ப வழியே இல்லை.

நல்ல செய்தி என்னவென்றால், அனுப்ப வேண்டிய தேவையும் இல்லை. உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்த்து, ரத்த அணுக்களை அனுப்பி, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கரைத்துவிடுகிறது. 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், லேசான வீக்கமாக மட்டும் இருந்த டிஸ்க்குகளில் 13 சதவீதம்தான் தானாகச் சுருங்கின. உங்கள் கணவருக்கு இருப்பது போல வெளியே பிதுங்கியவற்றில் 70 சதவீதமும், முழுதாகத் துண்டாகிப் பிரிந்தவற்றில் 96 சதவீதமும் சுருங்கின. அறிக்கையில் பயங்கரமாகத் தெரியும் வகைதான் கரைவதற்கு அதிக வாய்ப்புள்ள வகை. இதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எம்ஆர்ஐ அறிக்கையைப் படித்துவிட்டு, வாழ்க்கையே முடிந்தது என்று உட்கார்ந்துவிடுபவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

அப்படியென்றால் கைரோபிராக்டர் எதற்கு? கரைய வாரங்கள், மாதங்கள் ஆகும். அதுவரை வலியைக் குறைத்து, ஆளை நடமாட வைக்க வேண்டும். அந்த இடத்தில் கை சிகிச்சைக்கு, அதாவது முதுகைக் கையால் அழுத்தி, அசைத்துச் செய்யும் சிகிச்சைக்கு, ஒரு பங்கு உண்டு. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் அமைப்பின் 2016 வழிகாட்டுதல், சயாட்டிகா (நரம்பு அழுத்தத்தால் இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கும் வலி) உள்ளவர்களுக்கும் கை சிகிச்சையைச் சேர்க்கலாம் என்கிறது, ஆனால் உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டும். படுத்துக்கொண்டு வாங்கிக்கொள்ளும் சிகிச்சையாக மட்டும் கூடாது.

இப்போது முக்கியமானது. சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தும் போக முடியவில்லை, அல்லது போவது தெரியவில்லை, மலம் அடங்கவில்லை, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போகிறது, இரண்டு கால்களிலும் பலம் குறைகிறது. இதில் ஒன்று வந்தாலும் கைரோ, பிசியோ, குடும்ப டாக்டர் எதுவும் வேண்டாம். நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் நரம்புக் கற்றை நசுங்குவது இது, காடா ஈக்வைனா என்று பெயர். சில மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டிய விஷயம். வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல் இருக்கும் ஆண்கள் நிறைய. நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

இன்னொன்று. சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது காலில் மட்டும் நின்று, குதிகாலைத் தூக்கச் சொல்லுங்கள். எஸ்1 நரம்பின் வேலை அது. முடிகிறதா என்று எழுதுங்கள்.

வடலி எழுதியது:

மிகவும் நன்றி அண்ணா. கரையும் என்பதை வாசித்துக் காட்டினேன், முகத்தில் ஒரு தெளிவு வந்தது. சிறுநீர், மலம் எல்லாம் கேட்டேன், ஒன்றும் இல்லை. குதிகாலைத் தூக்குகிறார், ஆனால் வலது காலைவிட இடது கால் சீக்கிரமே களைத்துவிடுகிறது. இது ஆபத்தா?

கோவை பிசியோ எழுதியது:

சீக்கிரம் களைப்பது லேசான பலக்குறைவாக இருக்கலாம், வலியால் காலை முழுதாக ஊன்றாததாகவும் இருக்கலாம். வீட்டில் பிரித்தறிவது கஷ்டம். குடும்ப டாக்டரிடம் இதைச் சொல்லி, குதிகால் ரிஃப்ளெக்ஸையும் (தட்டினால் பாதம் தானாக அசைவது) பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு முறை நீங்களே இதே சோதனையைச் செய்து, எத்தனை முறை தூக்குகிறார் என்று குறித்து வையுங்கள். எண்ணிக்கை அப்படியே இருந்தாலோ கூடினாலோ கவலையில்லை. இறங்கிக்கொண்டே போனால் அறுவை நிபுணரின் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது, உடனே சொல்ல வேண்டும்.

கேள்விக்குறி எழுதியது:

எல்லோரும் மென்மையாகப் பேசுவதால் நான் கொஞ்சம் கடுமையாகவே கேட்கிறேன். கைரோபிராக்டிக்கின் தொடக்கம் 1895, அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊர். தொடங்கிய டி. டி. பாமர் அதற்கு முன் காந்த சிகிச்சை செய்தவர். ஒரு துப்புரவுத் தொழிலாளியின் முதுகை அழுத்தி அவருடைய செவிட்டுத்தன்மையைச் சரிசெய்ததாகச் சொன்னார். நோய்களில் 95 சதவீதம் முள்ளெலும்பு விலகலால் வருவது என்று எழுதினார். டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதால்தான் சயாட்டிகா வருகிறது என்பதை பாஸ்டனில் மிக்ஸ்டரும் பாரும் எழுதியது 1934இல்தான். அதாவது நோயின் காரணம் தெளிவாவதற்குக் கிட்டத்தட்ட 40 வருடம் முன்பே மருந்து தயாராக இருந்திருக்கிறது! இதை எப்படி நம்புவது?

யூடியூபில் மைக்கை முதுகிலேயே வைத்து "டப் டப்" என்று சத்தம் காட்டுகிறார்கள். அந்தச் சத்தம் எலும்பு இடத்தில் உட்காரும் சத்தம் இல்லை. மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகும்போது வருவது. விரலைச் சொடுக்கும்போதும் அதேதான்.

இடுப்பு வலிக்குப் போனால் கழுத்தையும் சேர்த்துத் திருப்பும் ஆட்கள் உண்டு. கழுத்துத் தமனி கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான். ஆனால் இடுப்பு டிஸ்க்குக்கு கழுத்தைத் தொட என்ன அவசியம்? வடலி அக்கா, போவதாக முடிவெடுத்தால் இதையாவது முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டொரொண்டோ கைரோ எழுதியது:

நான் இங்கு கைரோபிராக்டராக வேலை செய்கிறேன். கேள்விக்குறி எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். பாமரின் கொள்கையைப் பிடித்துக்கொண்டு எல்லா நோயையும் முதுகெலும்பில் தேடுபவர்கள் எங்கள் துறையில் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களிடம் போகாதீர்கள் என்று நானே சொல்வேன். கழுத்தைப் பற்றிச் சொன்னதும் சரி.

ஆனால் தொடக்கம் தவறாக இருந்ததால் இன்று கையால் செய்யும் சிகிச்சை பயனில்லை என்று ஆகாது. அதைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும், சோதித்தும் இருக்கிறார்கள். ரோம் நகரில் 2006இல் வந்த ஆய்வு ஒன்று. டிஸ்க் பிதுக்கமும் சயாட்டிகாவும் உள்ள 102 பேர். பாதிப் பேருக்கு உண்மையான சிகிச்சை, மீதிப் பேருக்குச் செய்வது போலப் பாவனை. கால் வலி முழுதாக நீங்கியவர்கள் முதல் குழுவில் 55 சதவீதம், பாவனைக் குழுவில் 20 சதவீதம். கனடாவிலேயே, கல்கரியில், மற்ற சிகிச்சைகளில் குணமாகாமல் அறுவைக்குக் காத்திருந்த 40 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். கை சிகிச்சை பெற்றவர்களில் 60 சதவீதம் பேருக்கு அறுவை செய்தவர்கள் அளவுக்கே பலன் கிடைத்தது. கிடைக்காதவர்கள் பிறகு அறுவை செய்துகொண்டு தேறினார்கள்.

உங்கள் கணவரைப் போன்ற ஒருவர் வந்தால் நான் செய்வதைச் சொல்கிறேன். முதல் நாள் பெரும்பாலும் பரிசோதனைதான். காலை நேராகத் தூக்கிப் பார்ப்பேன், ரிஃப்ளெக்ஸ், விரல்களின் பலம், தொடு உணர்ச்சி எல்லாம் எழுதி வைப்பேன். இவ்வளவு உக்கிரமாக இருக்கும்போது வேகமாகத் திருகும் முறையை நான் எடுப்பதில்லை. நடுவில் மடங்கும் மேசை இருக்கிறது. அதில் குப்புறப் படுக்க வைத்து, இடுப்புப் பக்கத்தை மெதுவாக இறக்கி ஏற்றுவது. சத்தமும் இல்லை, திடீரென்று வெட்டி இழுப்பதும் இல்லை. வலி பாதத்திலிருந்து மேலே ஏறி முழங்கால், தொடை, புட்டம் என்று பின்வாங்கினால் சரியான வழியில் போகிறோம். இடுப்பில் வலி கொஞ்சம் கூடினால்கூடப் பரவாயில்லை. மாறாக இடுப்பு லேசாகி, காலில் கீழே இறங்கினால் அன்றே நிறுத்துவேன். பலம் குறைந்துகொண்டே போகிறவரை நான் தொடுவதே இல்லை, நேரே வைத்தியரிடம் அனுப்புகிறேன்.

நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் காலில் மாற்றம் தெரியாவிட்டால் தொடர்வதில் அர்த்தமில்லை. முதல் நாளிலேயே ஒரு வருடத்துக்கான தொகுப்பை விற்று முன்பணம் கேட்கும் இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்விக்குறி எழுதியது:

நேர்மையாகப் பேசியதற்கு நன்றி. ஆனால் அந்த ரோம் ஆய்வை நானும் படித்தேன். அதில் இருந்தவர்களுக்கு டிஸ்க்கின் வெளி வளையம் முழுதாகக் கிழியவில்லை, பிதுக்கம் அடங்கிய நிலை. வடலி அக்காவின் கணவருக்கு வளையத்தைத் தாண்டி வெளியே வந்திருக்கிறது. அந்த 55 சதவீதத்தை அப்படியே இவருக்குப் பொருத்தலாமா? கல்கரியில் ஒரு குழுவுக்கு 20 பேர்தான். 20 பேரை வைத்து எவ்வளவு தூரம் பேச முடியும்?

டொரொண்டோ கைரோ எழுதியது:

இரண்டும் நியாயமான கேள்விகள். ரோம் எண்ணை அப்படியே பொருத்தக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். சுவிட்சர்லாந்தில் எம்ஆர்ஐயில் உறுதியான 148 பேரைத் தொடர்ந்து பார்த்து, மூன்று மாதத்தில் 90 சதவீதத்துக்கு மேல் முன்னேற்றம் என்று எழுதினார்கள். ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. கோவை பிசியோ சொன்ன மாதிரி தானாகவே கரையும் நோய் என்பதால், சிகிச்சையால் எவ்வளவு, காலத்தால் எவ்வளவு என்று அதில் பிரிக்க முடியாது. நான் நோயாளிகளிடம் "வலி குறைய வாய்ப்பு இருக்கிறது" என்றுதான் சொல்கிறேன், "குணமாக்குகிறேன்" என்று சொல்வதில்லை.

ஆபத்தைப் பற்றி ஒன்று. ஒன்ராறியோவில் பெரிய அளவில் ஒரு ஆய்வு செய்தார்கள், 2018இல் வந்தது. கைரோபிராக்டரிடம் போன பிறகு டிஸ்க் முற்றி அறுவைக்குப் போனவர்களை, குடும்ப வைத்தியரிடம் போன பிறகு அப்படிப் போனவர்களோடு ஒப்பிட்டார்கள். கைரோ பக்கம் ஆபத்து கூடுதலாகத் தெரியவில்லை. டிஸ்க் முற்றிக்கொண்டிருக்கும் ஆள் வலியோடு யாரிடமாவது போகத்தான் போகிறார், அங்கே போனபின் அது முழுதாக வெளிப்படுகிறது என்பது அவர்கள் விளக்கம்.

மதுரைக்காரன் எழுதியது:

சித்தப்பா விஷயத்தில் அப்படி இருக்க வாய்ப்பில்லை. முதல் நாள் வரை நடந்துகொண்டிருந்தவர். ஆனால் பரிசோதனை செய்து, வேண்டாம் என்றால் தொடாமல் அனுப்பும் ஆட்கள் உண்டு என்பது இப்போதுதான் தெரிகிறது. எங்கள் பக்கம் யாரும் காலைத் தூக்கிக்கூடப் பார்ப்பதில்லை.

கிள்ளான்வாசி எழுதியது:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் 2016இன் கீழ் கைரோபிராக்டிக்கும் வருகிறது. கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்திலேயே பட்டப்படிப்பாக இருக்கிறது. எனக்கு அதற்கு மேலுள்ள எல்4-எல்5 டிஸ்க்கில் பிரச்சினை. மடங்கும் மேசையில்தான் செய்தார்கள், கூடவே வீட்டுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். கால் வலி இறங்கியது, பெருவிரல் மரப்பு மட்டும் ரொம்ப நாள் இருந்தது. மரப்பு கடைசியில்தான் போகும் என்று முதலிலேயே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

டாமான்சாரா பக்கம் வேறொரு இடத்தில், முதுகை மெஷினில் கட்டி இழுக்கும் டீகம்ப்ரஷன் என்று ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கேட்டார்கள். இழுப்பது நல்லதுதானே, செய்யலாமா?

கோவை பிசியோ எழுதியது:

இழுவை சிகிச்சைக்குப் பெயரை மாற்றி, கம்ப்யூட்டர் திரை வைத்து, விலை ஏற்றியிருக்கிறார்கள். நைஸ் அதைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலும் இழுவை வேண்டாம் என்கிறது. அதே வழிகாட்டுதல் கையால் செய்யும் சிகிச்சைக்கு இடம் கொடுக்கிறது. அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கே கைரோபிராக்டிக்குக்கென்று தனிச் சட்டமோ கவுன்சிலோ இல்லை. வார இறுதி வகுப்பு முடித்தவரும் பலகை மாட்டலாம். எங்கே, எத்தனை வருடம் படித்தீர்கள் என்று நேராகக் கேளுங்கள். முழுநேரப் பட்டம் நான்கைந்து வருடம் ஆகும். சொல்லத் தயங்கினால் வேண்டாம்.

தையல்நாயகி எழுதியது:

அறுவையைப் பேய் மாதிரி எல்லோரும் ஒதுக்குவதால் எழுதுகிறேன். நான் மைக்ரோடிஸ்கெக்டமி (பிதுங்கிய டிஸ்க் பகுதியைச் சிறு வெட்டு வழியாக எடுக்கும் அறுவை) செய்துகொண்டவள். கண் விழித்தபோது கால் வலி இல்லை. மாதக்கணக்கில் அழுத பெண் அன்று மாலை எழுந்து நடந்தேன். என்னை ஆபரேஷன் செய்த டாக்டர் முன்பே ஒரு நெதர்லாந்து ஆய்வைச் சொன்னார், 2007இல் வந்தது, 283 பேர். சீக்கிரம் அறுவை செய்தவர்களுக்கு வலி வேகமாகப் போயிற்று. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் அந்த வருடத்துக்குள் அறுவைக்கே வந்துவிட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னார். வலியைத் தாங்கிக் காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள், முடியாவிட்டால் வாருங்கள், இரண்டும் தப்பில்லை என்றார். வடலி அக்கா, உங்கள் கணவர் அறுவை வேண்டும் என்று சொன்னால் அது தோல்வி என்று யாரும் நினைக்க விடாதீர்கள். கைரோவுக்குப் போனாலும் அந்த நிபுணரின் வரிசையிலிருந்து பெயரை எடுக்க வேண்டாம்.

வடலி எழுதியது (சில வாரங்கள் கழித்து):

எல்லோருக்கும் பதில் எழுதப் பிந்திவிட்டது. முதலில் குடும்ப வைத்தியரிடம் போய்க் கால் களைப்பதைச் சொன்னோம். குதிகால் ரிஃப்ளெக்ஸ் இடப்பக்கம் குறைவு, பலம் பெரிதாகக் குறையவில்லை, கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். கைரோவிடம் போவதில் தனக்கு மறுப்பில்லை, வேகமாகத் திருகுவது மட்டும் இப்போது வேண்டாம் என்றும் சொன்னார்.

பிளாசாவில் இருந்தவரிடம் போகவில்லை. அழைத்தபோது எம்ஆர்ஐயைப் பற்றிக் கேட்கவே இல்லை, தொகுப்பு விலையைத்தான் சொன்னார்கள். ஒன்ராறியோவில் கைரோபிராக்டர்களைப் பதிவுசெய்யும் அமைப்பின் பதிவேட்டில் பெயர் பார்த்து வேறொருவரைப் பிடித்தோம். அந்தப் பெண் முதல் நாள் கையே வைக்கவில்லை, சோதித்து எழுதிக்கொண்டா. கழுத்தைத் தொடக் கூடாது என்று நான் ஆரம்பிக்க முன்னமே, அதற்கு அவசியமில்லை என்று சொல்லிவிட்டா. இப்போது மடங்கும் மேசை, கூடவே குப்புறப் படுத்து முழங்கையில் ஊன்றி எழும்பும் பயிற்சி, நடை. சின்ன விரல் இன்னும் விறைப்புத்தான். ஆனால் காலில் இழுக்கும் வலி முழங்காலுக்குக் கீழே போவது குறைந்திருக்கிறது. கட்டிலில் படுக்கிறார். குதிகால் கணக்கைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன், இறங்கவில்லை. நிபுணரின் திகதியும் வந்துவிட்டது, அதை விடப்போவதில்லை.

மாமிக்குத்தான் இன்னும் முழுதாகச் சமாதானம் இல்லை. மகன் நடப்பதைக் காணொளியில் காட்டினேன்.

இப்போது வேறு கேள்வி. வேலையிடத்தில் நடந்த காயம் என்பதால் இந்தச் செலவை யார் தருவது? இதுவரை கைக்காசில்தான் போகிறது. களஞ்சியத்தில் "லேசான வேலை தருகிறோம், வா" என்கிறார்கள். போகலாமா?

டொரொண்டோ கைரோ எழுதியது:

கால் வலி மேலே ஏறுவது நல்ல அறிகுறி, சந்தோஷம்.

ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்பீடான ஓஹிப் 2004 கடைசியிலிருந்து கைரோவுக்குப் பணம் தருவதில்லை. ஆனால் வேலையில் பட்ட காயம் என்றால் ஒன்ராறியோவின் வேலையிடக் காப்பீட்டு வாரியமான டபிள்யூஎஸ்ஐபி இருக்கிறது, கைரோ செலவும் அதில் அடங்கும். காயம்பட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் உங்கள் கணவர் படிவம் 6 (காயம்பட்ட தொழிலாளி கொடுக்கும் அறிக்கை) கொடுத்தாக வேண்டும். தை மாதம் என்றீர்கள், இந்த வாரமே போடுங்கள். எம்ஆர்ஐ அறிக்கை, குடும்ப வைத்தியரின் குறிப்பு, இதுவரை கட்டிய ரசீதுகள் எல்லாம் சேர்த்து வையுங்கள்.

லேசான வேலைக்குப் போகலாம், வீட்டில் முடங்கிக் கிடப்பதைவிட நல்லது. ஆனால் என்ன வேலை என்பதை எழுத்தில் வாங்குங்கள். குனிந்து தூக்குவது இல்லை, தூக்கியபடி திரும்புவது இல்லை, ஒரே இருக்கையில் நீண்ட நேரம் உட்காருவதும் இல்லை. எவ்வளவு எடை, எவ்வளவு நேரம் என்பதை அவரைப் பார்க்கும் அந்தக் கைரோபிராக்டரே படிவத்தில் நிரப்பித் தரலாம்.

வடலி எழுதியது:

படிவம் இன்று இரவே நிரப்புகிறோம் அண்ணா. ரசீது இரண்டு காணவில்லை, நாளைக்கு அவர்களிடமே திரும்பக் கேட்கிறேன்.